புல்வெட்டி மெஷினும் பதினோரு கையெழுத்தும்

ஒரு புல்வெட்டி மெஷின் ஏன் சரியாக ஓடவில்லை என்று விளக்கும் காகிதத்தில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். பதினோரு பேரில் ஒருவருக்கும் உண்மையான காரணம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. மற்ற பத்துப் பேரைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில் மரியாதை அதிகம் இருக்காது. என்னைப் பற்றி எழுதும்போதும் இருக்காது.

இத்தனைக்கும் நாங்கள் செய்வது என்ஜின். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் பக்கம் போகும் சாலையில், ஷிப்டுக்கு ஷிப்டு கார் என்ஜின்களைக் கோத்து, சோதித்து, லாரியில் ஏற்றி அனுப்பும் தொழிற்சாலை. உள்ளே நுழைந்தால் சுவருக்குச் சுவர் வாசகங்கள். ஓரிடத்தில் முதல் முறையே சரியாகச் செய் என்று இருக்கும். இன்னோரிடத்தில், தவறைத் தேடு, ஆளைத் தேடாதே என்று இருக்கும். இந்த இரண்டாவது வாசகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் எங்கள் ஆட்கள் ஆளைத் தேடுவார்கள்.

சோதனைப் பிரிவில் நான் மூத்தவன். சத்தத்தைக் கேட்டே என்ஜினில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை மற்றவர்களைவிட நான்தான் அதிகம் பரப்பினேன். திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்து என்ஜினைப் புரிந்துகொள்ளும் பையன்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அவர்களுக்கும் என்னைக் கண்டால் அப்படித்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. புல்வெட்டி மெஷினில் இருப்பது என் கணக்கில் என்ஜினே இல்லை. ஒரே சிலிண்டர், கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும், நான்கு சக்கரம், கைப்பிடி. குழந்தைகள் தள்ளிக்கொண்டு போகும் நடைவண்டிக்குக் கொஞ்சம் மேல். அதைக் குனிந்து பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு புல்தரை உண்டு. யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. வெயில் காலத்தில் சுற்றுவட்டார ஊர்களுக்குத் தண்ணீர் லாரி வரும்போது இந்தப் புல்லுக்கு மட்டும் குழாயில் தண்ணீர் சுழன்று சுழன்று அடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் காரை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என்ஜினை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சரி, புல் கோணல்மாணலாக இருந்தால் எங்கள் தலைமை அதிகாரிக்குத் தூக்கம் வராது.

அந்தப் புல்லை வெட்டுவது ஒரு பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர். வடகாலை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து வருவார். கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், புடவைக்கு மேல் பெரிய ஆண் சட்டை, தலையில் துண்டு, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். புல் வெட்டுவதற்கு ஹெல்மெட் எதற்கு என்று கேட்காதீர்கள். விதி. அவருடைய மகள் எங்கள் தொழிற்சாலையிலேயே அசெம்பிளி லைனில் பயிற்சியாளராக இருந்தாள். இரண்டு பேரும் காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். உள்ளே வந்ததும் மகள் நிழல் இருக்கும் பக்கம் போவாள், தாய் வெயில் பக்கம் போவார்.

ஐப்பசி மழையில் புல் மளமளவென்று வளர ஆரம்பித்த வாரத்தில்தான் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாகத்தான் கிளம்பும். கால் மணி நேரம் ஓடும். அப்புறம் சத்தம் ஏறி இறங்கும், இழுக்கும், நின்றுவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. அந்த அம்மா அதைத் தள்ளிக்கொண்டு பின்பக்கத்து ஷெட்டுக்குப் போவார். பராமரிப்புப் பிரிவு அங்கேதான்.

பராமரிப்பு சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எதையும் கழற்றாமல் இருக்க அவரால் முடியாது. முதல் நாள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, காற்று அடித்து மாட்டினார். டேங்கில் ஒரு டம்ளர் பெட்ரோல் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டார். ஓடியது.

"தூசி கெடந்துச்சும்மா. எடுத்து ஊதி மாட்டியாச்சு. இனிமே ஒண்ணும் செய்யாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

புல்தரையில் கால் மணி நேரத்தில் நின்றது. மறுநாள் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பத்து நிமிடம் ஓடவிட்டார், ஓடியது. புல்தரையில் நின்றது. மூன்றாம் நாள் காற்று வடிகட்டி, பெட்ரோல் குழாய், பழைய பெட்ரோல் எல்லாவற்றையும் மாற்றினார். ஷெட்டில் குதிரை மாதிரி ஓடியது. புல்தரையில் நின்றது. கால் மணி நேரத்தில் நிற்கும் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் என்ன தெரியும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தலைமை அதிகாரி கார் கண்ணாடி வழியாகப் புல்தரையைப் பார்த்தார். ஒரு பாதி மழித்தும் மறு பாதி மழிக்காமலும் கிடந்தது. அடுத்த வாரம் வாடிக்கையாளர் வருகை. அவர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தர மேலாளருக்கு போன் போய்விட்டது.

எங்கள் தர மேலாளர் முப்பத்தைந்து வயதுக்காரர். என்ஜின் எண்ணெய் அவர் விரலில் பட்டு நான் பார்த்ததில்லை. எதற்கும் அவரிடம் ஒரு படிவம் இருக்கும். ஏன் என்று ஐந்து முறை கேட்டால் உலகத்தில் எந்தப் பிரச்சினையின் வேரையும் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர். யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காரணத்தைத் தேட வெள்ளைப் பலகையில் மீன்முள் மாதிரி ஒரு படம் வரைவார். ஒரு முள்ளுக்கு ஆள், ஒரு முள்ளுக்கு மெஷின், ஒன்றுக்குப் பொருள், ஒன்றுக்கு முறை. எங்கள் தொழிற்சாலையில் எந்த மீனாக இருந்தாலும் கடைசியில் தொண்டையில் குத்துவது அந்த முதல் முள்தான்.

புல்வெட்டி மெஷினுக்காக மீட்டிங் போட்டார். குளிரூட்டிய அறை, பிஸ்கட், காபி. ஒரு மெஷினைச் சரிசெய்ய வந்த அத்தனை பேரும் அந்த மெஷின் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அன்று புதன்கிழமை. கேன்டீனில் பிரியாணி. பன்னிரண்டரையைத் தாண்டினால் வெறும் சோறுதான் மிஞ்சும்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தக் கம்பளத்தில் வந்து நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஷெட்ல நல்லாத்தான் ஓடிக்கினு கீது சார்" என்றார். "அங்க போயி ஓட்னா, கொஞ்ச நேரத்துல அப்டியே மூச்சு வாங்கிக்கினு நின்னுடுது. நான் இன்னா பண்றது?"

"பெட்ரோல் எவ்ளோ ஊத்துவீங்க?" என்று தர மேலாளர் கேட்டார்.

"டேங்கு ரொம்ப ஊத்திக்குவேன் சார். தபா தபா வந்து ஊத்தினா, ஒவ்வொரு தபாவும் கேட்டாண்ட புக்குல கையெழுத்துப் போடணும். ஷெட்டு அந்தாண்ட கீது. நடந்து வந்துபோனா வேல ஆவாது."

தர மேலாளரின் முகம் மலர்ந்தது. டேங்க் நிரம்ப ஊற்றுகிறார். ஷெட்டில் பராமரிப்பு ஆட்கள் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள், ஓடுகிறது. இவர் நிரம்ப ஊற்றுகிறார், நிற்கிறது. "மெஷின் ஓகே. மெட்டீரியல் ஓகே. மெத்தட் எழுதி ஒட்டியிருக்கோம்" என்று பலகையில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மிச்சம் இருந்தது ஒரு முள். அப்புறம் என்னைப் பார்த்தார். "சார், என்ஜின்ல உங்களைவிட இங்க யாருக்குத் தெரியும்? ஓவர்ஃபில் பண்ணா என்ஜின் நிக்குமா?"

நிரம்ப ஊற்றினால் ஓர் என்ஜின் ஏன் நிற்க வேண்டும் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அந்தக் கேள்விக்குள்தான் பதில் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. "நிக்கலாம். சோக்கையும் சரியா தள்ளியிருக்க மாட்டாங்க" என்றேன். காகிதம் மேசையைச் சுற்றி வந்தது. காரணம்: இயக்குபவரின் தவறான கையாளுதல். ஒன்பதாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேன்டீனுக்கு நடந்தேன். பிரியாணி கிடைத்தது.

இரண்டு நாளில் கேன்டீன் வாசலில் இருக்கும் பலகையில் ஒரு தாள் ஏறியது. தவறான முறை என்று தலைப்பு. அந்த அம்மா டேங்கில் பெட்ரோல் ஊற்றுவது போல ஒரு படம். ஊற்றிக்காட்டச் சொல்லி இவர்களே எடுத்தது. படத்தின் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. கீழே அவர் பெயர், ஒப்பந்தத் தொழிலாளர் எண். சாப்பிடப் போகும் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மகள் கேன்டீனுக்கு வருவதையே நிறுத்திவிட்டதாகப் பராமரிப்பு சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். ஒப்பந்தக்காரர் அந்த அம்மாவை மாத முடிவில் நிறுத்தப்போகிறார். இங்கே நிறுத்தினால் இங்கே மட்டும் இல்லை. இந்தத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்பார்கள். மெஷினைக் கெடுத்தவர் என்று ஒரு காகிதம் இருந்தால் எந்தத் தொழிற்சாலையிலும் கேட் பாஸ் கிடைக்காது. "ஒரு மெஷின் மூணு நாள் நின்னதுக்கு ஒரு ஆளு வாழ்நாளெல்லாம் நிக்கணும் போலுக்கு" என்றார் சூப்பர்வைசர். அவர் கையெழுத்து அந்தக் காகிதத்தில் நான்காவது. நான் டீயைக் குடித்தேன். பாவம் என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தால் ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது, அதற்கு மேல் கை அசைவதில்லை.

அந்த அம்மாவைப் பெருக்குமாற்றோடு பார்க்கிங் பக்கம் அனுப்பிவிட்டு, மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். டேங்கில் கால் பாகம்தான் ஊற்ற வேண்டும் என்று புது விதி. மெஷின் ஓடியது. நிற்கவே இல்லை. தர மேலாளர் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஆளை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது, எனவே காரணம் சரி என்று உறுதியாகிறது. நானும் படித்தேன். பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாடிக்கையாளர் வருகைக்கு முந்தைய நாள் காலை. பத்து மணி டீக்கு நடந்துகொண்டிருந்தேன். புது ஆள் புல்தரையில் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். மொத்தத் தரையையும் மதியத்துக்குள் முடிக்கச் சொல்லி விரட்டியிருந்தார்கள், அதனால் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு டேங்க் நிரம்ப ஊற்றியிருக்கிறார். சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எனக்குக் கால் நின்றுவிட்டது. பெட்ரோல் பற்றாமல் ஓர் என்ஜின் தவிக்கும் சத்தம் அது. பெரிய என்ஜினானாலும் சின்ன என்ஜினானாலும் அந்தச் சத்தம் ஒன்றுதான். முப்பது வருடமாக அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். டேங்க் நிரம்ப இருக்கும்போது எப்படிப் பெட்ரோல் பற்றாமல் போகும்?

என்ஜின் நின்றது. நான் பக்கத்தில் போவதற்குள் புது ஆள் டேங்க் மூடியைத் திருகித் திறந்தார். புஸ் என்று காற்று உள்ளே போனது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபுல்லாத்தான் சார் கீது" என்றார். மூடியை மாட்டிக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். மூடியைக் கையில் வாங்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. நட்டநடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை.

வீட்டில் எண்ணெய் டின் திறக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் துளை போட்டால் எண்ணெய் சரியாக இறங்காது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் அந்த வழியாகக் காற்று உள்ளே போய் எண்ணெய் இறங்கும். பெட்ரோல் டேங்குக்கு அந்த இரண்டாவது துளை மூடியில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, மிச்ச பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிரம்ப இருந்தால் மேலே இருக்கும் காற்று கொஞ்சம், சீக்கிரம் நிற்கும். கால் டேங்க் என்றால் காற்று நிறைய, பெட்ரோல் தீரும்வரை சமாளித்துவிடும். ஷெட்டுக்குக் கொண்டுபோனதும் எல்லாரும் முதலில் என்ன செய்தார்கள்? பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். திறந்தவுடன் காற்று உள்ளே போய் நோய் தீர்ந்துவிடும். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றினால் என்ன, பிளக்கை மாற்றினால் என்ன, எது செய்தாலும் அதுதான் வைத்தியம் என்று ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க மீன்முள்ளும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம்.

சந்தனம், மெஷின் மக்கர் செய்வதற்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜைக்கு வைத்தது. எங்கள் தொழிற்சாலையில் பூஜையன்று ரோபோவுக்கும் பொட்டு உண்டு, கம்ப்யூட்டருக்கும் உண்டு. பெரிய மெஷின்களுக்குப் பெரிய அதிகாரிகள் வைப்பார்கள், பக்கத்தில் ஒருவர் படம் எடுப்பார். தள்ளுவண்டி, எடைபோடும் மெஷின், புல்வெட்டி மாதிரி சில்லறைச் சாமான்களை ஷெட் வாசலில் வரிசையாக நிறுத்தி, யாராவது ஒருவரைப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். பூஜையில் வைத்த பொட்டை அப்புறம் யாரும் துடைப்பதில்லை. சாமி காரியம். அந்த அம்மா தினமும் மெஷினைத் துணியால் துடைப்பார், பொட்டை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பார். நகக்கண் அளவு தூசியையும் விடாத பராமரிப்பு சூப்பர்வைசரும் மூடியைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு மற்றதை எல்லாம் கழுவியிருக்கிறார்.

இந்த வருடம் ஷெட் வாசலில் பொட்டு வைக்கப் பிடிக்கப்பட்ட ஆள் நான்தான்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எல்லாம் நினைவு வந்தது. என்ஜினை ஏற்றிச் சோதிக்கும் பெரிய டெஸ்ட் பெஞ்சுக்குப் பொட்டு வைக்க என்னைக் கூப்பிடாமல் தர மேலாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற கடுப்பில் இருந்தேன். தள்ளுவண்டிக்கும் புல்வெட்டிக்கும் பொட்டு வைக்கிற ஆளாகிவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அம்மா நீட்டிய கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்துக் கட்டைவிரலால் அழுத்தி அப்பிக்கொண்டே போனேன். கடுப்பிலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற ஆள் நான், அதனால் சரியாக நடுவில் அப்பினேன். முப்பது வருட அனுபவசாலி பெட்ரோல் டேங்கின் மூச்சுத் துளையைத் தன் கையாலேயே அடைத்திருக்கிறேன். அப்புறம் அதற்கு இன்னொருவரைக் குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

துளையை ஊசியால் குத்திவிட்டேன். புது ஆளிடம் மூடியைக் கொடுத்தேன். மெஷின் அன்று நிற்காமல் ஓடி மொத்தத் தரையையும் முடித்தது.

என் அறைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் மிச்சமும் புரிந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மெஷின் இனிமேல் கால் டேங்கிலும் ஓடும், முழு டேங்கிலும் ஓடும். அது ஒவ்வொரு நாள் ஓடுவதும் அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சி. ஆளை மாற்றினோம், சரியாகிவிட்டது என்பார்கள். நான் மெஷினைச் சரிசெய்ததால்தான் அவர் மேல் போட்ட பழி கெட்டிப்பட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சோதனைப் பிரிவுப் பையன்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு பக்கம், நாலு பையன்களின் சிரிப்பு ஒரு பக்கம். இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன என்று எழுதவே கூசுகிறது. மதியம் மூன்று மணிக்குத்தான் எழுந்து தர மேலாளரிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது நான் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"சார், பூஜையை ரூட் காஸ்னு எப்படி சார் எழுதறது? நாளைக்கு கஸ்டமர் வந்து படிப்பான். அப்புறம் சாமி விஷயம், யாராவது பிரச்சினை பண்ணா? உங்க பேரு வேற. சீனியர் நீங்க. உங்களுக்கும் நல்லா இருக்காது, எனக்கும் நல்லா இருக்காது."

"அந்தம்மா பேரு இருக்கே" என்றேன்.

"அதை எடுத்துடலாம் சார். ரிப்போர்ட்டை ரிவைஸ் பண்ணிடறேன்." மடிக்கணினியைத் திறந்து தட்டினார். திரும்பக் காட்டினார். காரணம்: மூடித் துளையில் வெளிப்பொருள் அடைப்பு. பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு. "ஓகேவா சார்?"

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. சரி என்றேன். பலகையில் இருந்த தாளை நானே போய்க் கிழித்தேன். ஒப்பந்தக்காரருக்கு போன் போட்டு, அந்த அம்மா மேல் தப்பில்லை, திரும்ப மெஷினுக்கு விடுங்கள் என்றேன். "அப்டியா சார்? நான் நேத்தே வர வேணாம்னுட்டேனே" என்றார் அவர். மாத முடிவுவரைகூட அவர் பொறுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கேட் பாஸ் போட வைப்பதற்கு நான் அவரோடு கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது. கத்தியதில் எனக்குப் பெருமைதான். நியாயம் கேட்கிறவன் குரல் அது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பேட்டையின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு தெரு. விசாரித்துப் போய் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஆதார் அட்டை நகலையும் இரண்டு போட்டோவையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். சுங்குவார்சத்திரத்தில் பெண் தொழிலாளர்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டிருக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

"வா சார். இன்னா சார், வூட்டாண்ட வந்துகிற?"

நான் சொன்னேன். மெஷின் நின்றது அவரால் இல்லை என்று தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், கேட் பாஸ் சொல்லியாகிவிட்டது. அவர் முகம் மலரவில்லை.

"எம் பேர எட்த்துட்டீங்களா?"

"எடுத்தாச்சும்மா. படத்தையும் நானே கிழிச்சுட்டேன்."

"அப்போ எதனால நின்னுச்சாம்?"

"மூடியில காத்துப் போற துளை. பூஜைக்கு வெச்ச சந்தனம் அதை அடைச்சுக்கிச்சு."

"அத்த வெச்சது நீதான சார்?"

"ஆமாம்மா. நான்தான்."

"இப்போ பேப்பர்ல உம் பேரு போட்டுக்கீதா?"

வெளிப்பொருள் என்று போட்டிருக்கிறது என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். வெளியிலிருந்து வந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் பண்ணேன்னு நெனச்சப்போ பேரு, போட்டோ, நம்பரு எல்லாம் போட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "எம் பொண்ணு அத்த பாத்துட்டு வந்து ராவெல்லாம் அழுதுச்சி. நீ பண்ணேன்னு தெரிஞ்சதும் யாருமே பண்ணலன்னு ஆயிடுச்சா சார்?"

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

எட்டு மணிக்கு என்றேன்.